ஒரு பொருளின் ஆயுளில் எந்தக் கட்டம் முக்கியம்? விதைக்கடையிலிருந்து ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கத்தில் அம்மாவுடன் சேர்ந்து மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி மாவு தயாரித்து விற்கிறீர்கள். தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. கூடவே தபால் வழியில் வணிக நிர்வாகம் படிக்கிறீர்கள். ஒரு பொருளுக்கு அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று 4 கட்டங்கள் உண்டு என்று பாடத்தில் வருகிறது. அவற்றில் எது மிக முக்கியம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் விஷயம் உங்கள் கடைசி இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் விற்பனை இரட்டித்திருக்கிறது, கையில் 3 லட்சம் ரூபாய் சேர்ந்திருக்கிறது, சொந்தமாக அரவை மெஷினும் பெயர் அச்சடித்த பைகளும் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். ஆக, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ‘நான் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறேன், பணத்தை இறக்கலாமா’ என்பதைத்தான். தேர்வுக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் ‘வளர்ச்சி’ என்று எழுதி நான்கு காரணம் சொல்லுங்கள், மதிப்பெண் வந்துவிடும்.

நான் படித்தது வேளாண்மை. ஒரு விதைக் கம்பெனியில் 6 வருடம் ஊர் ஊராகச் சுற்றும் வேலை பார்த்துவிட்டு, மன்னார்குடியில் 21 வருடமாக விதைக்கடை வைத்திருக்கிறேன். மாவு வியாபாரம் செய்ததில்லை. ஆனால் ஒரு பொருளின் பிறப்பு, வளர்ப்பு, முதுமை மூன்றையும் கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் நெல் ரகத்தைப் போல வேறொன்று கிடைக்காது. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தில் விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த ‘பேக்கேஜ் திட்டம்’ வந்தது, அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 வந்தது, 1966இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது என்று எங்கள் அப்பா தலைமுறை ரகங்களை வைத்தே காலத்தைச் சொல்லும். குறுவை என்றாலே ஆடுதுறை 27 என்று இருந்த காலம் ஒன்று உண்டு. இந்த 21 வருடத்தில் என் கடையில் ஒருவர்கூட அதைக் கேட்டு வந்ததில்லை.

என் பதில் இதுதான்: வளர்ச்சி முடிந்து முதிர்ச்சி ஆரம்பிக்கிற அந்தத் திருப்பம்தான் முக்கியம். நல்ல வியாபாரிகள் பணத்தைத் தொலைத்த இடம் அதுதான் என்று பார்த்திருக்கிறேன். நானும் அங்கேதான் தொலைத்தேன்.

கடை தொடங்கிய சில வருடங்களில் ஒரு தனியார் கம்பெனியின் சன்ன ரகம் ஒன்றைச் சம்பாப் பட்டத்துக்கு விற்றேன். பெயர் வேண்டாம், ரகத்தின் மேல் குற்றமில்லை. முதல் வருடம் 30 கிலோ மூட்டையில் 35 மூட்டை போனது. அதுவும் தெரிந்தவர்களிடம் கெஞ்சிக் கொடுத்ததுதான். இரண்டாம் வருடம் 140. மூன்றாம் வருடம் ஆவணியில் லாரி வந்து நின்றபோது, மூட்டையை இறக்குவதற்கு முன்பே ஆட்கள் டிராக்டரோடு காத்திருந்தார்கள். 400 மூட்டை நான்கே நாளில் காலி. பக்கத்து ஊர்க் கடைக்காரர் என்னிடம் 20 மூட்டை கடன் கேட்டார். அந்த மயக்கத்தில் நான்காம் வருடத்துக்கு 900 மூட்டைக்கு முன்பணம் கட்டினேன். விற்றது 260.

யூரியா வாங்க வந்தவர்கள் உண்டு, களைக்கொல்லி கேட்டு வந்தவர்கள் உண்டு. அந்த விதையைக் கேட்டுத்தான் ஆளில்லை. ரகத்தில் ஏதோ நோய் வந்து ஊரே கைவிட்டுவிட்டது போலும் என்று பயந்துபோய் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டூர் பக்கம் போய்ப் பார்த்தேன். வழிநெடுக வயலில் அதே ரகம்தான் நின்றது! முந்தைய வருடத்தைவிட இரண்டு மடங்கு பரப்பாவது இருக்கும். வரப்பில் நின்ற ஒருவரிடம் விதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். “மச்சான் வீட்டில் ஒரு மூட்டை எடுத்து வைத்திருந்தார்கள், வாங்கிவந்து தெளித்துவிட்டேன்” என்றார்.

நெல் தன் மகரந்தத்திலேயே கருவுறுகிற பயிர். ஒட்டு ரகமாக இல்லாவிட்டால், இந்த வருடம் அறுத்ததில் நல்லதை ஒதுக்கிவைத்து அடுத்த வருடம் விதைக்கலாம். கலப்பு ஏறி விளைச்சல் குறைந்தால்தான் மறுபடியும் கடைக்கு வர வேண்டும். இதை நான் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதி, விவசாயிகள் கூட்டத்தில் மேடையேறியும் பேசியவன். ஆனால் கல்லாவில் உட்கார்ந்த பிறகு மறந்துவிட்டேன். ரகம் ஊரெல்லாம் பரவப் பரவ, என் மூட்டை தேவையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பொருளின் வளர்ச்சியும் அதை விற்கிறவனின் வளர்ச்சியும் ஒரே கோட்டில் போகும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

மீந்த மூட்டைகளை அடுத்த பட்டம்வரை வைத்து விற்கவும் வழியில்லை. முளைப்புப் பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம்தான் விதைக்குச் செல்லுபடி. மறுபடி பரிசோதித்து நீட்டிக்கலாம் என்றாலும், நெல்லுக்குக் குறைந்தது 80 சதவீதம் முளைப்பு இருந்தாக வேண்டும். எங்கள் ஊர் ஈரக்காற்றில் கார்த்திகை, மார்கழியைத் தாண்டி வந்த மூட்டை அதில் தேறுவது சிரமம். மருந்து கலக்காத விதையாக இருந்ததால் மட்டும் தப்பித்தேன். விதை விலைக்கு வாங்கியதை ரைஸ் மில்லில் நெல் விலைக்குப் போட்டேன்.

அன்று இரவு பில் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாம் வருடம் 400 மூட்டை வாங்கியவர்களில், அதற்கு முன்பு என்னிடம் அதே ரகத்தை வாங்கியிருந்தவர்கள் 11 பேர். மற்ற எல்லோரும் புதுமுகங்கள். இந்த 11 என்ற எண் ஒரு வருடமாக என் மேஜை டிராயரிலேயே கிடந்திருக்கிறது. நான்தான் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பழைய ஆய்வு ஒன்று துணை நிற்கிறது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943இல் வெளியிட்டார்கள். புதிய விதையைப் பற்றி முதலில் சொன்னவர் என்று அதிகம் பேர் காட்டியது விற்பனையாளரை. வாங்கலாம் என்ற முடிவுக்குத் தள்ளியவர் என்று அதிகம் பேர் காட்டியது பக்கத்து வயல்காரரை. முதலில் ஆமை வேகம், பிறகு திடீர்ப் பாய்ச்சல், கடைசியில் மாறுவதற்கு ஆள் மிச்சமில்லாமல் அடக்கம். 1941க்குள் இரண்டு பேரைத் தவிர அத்தனை பேரும் மாறியிருந்தார்கள். விற்பனை ஏறி இறங்குவதைக் காட்ட உங்கள் பாடத்தில் வரும் அந்த வளைகோட்டுக்கு இதுபோன்ற ஆய்வுகளும் துணை நிற்கின்றன. ஆனால் அங்கே விற்றது ஒட்டு விதை, அறுத்ததை மறுபடி விதைத்தால் வீரியம் குறைந்துவிடும், வருடாவருடம் வாங்கியே தீர வேண்டும். எல்லோரும் மாறி முடித்த பிறகும் கம்பெனிக்கு வியாபாரம் நடந்தது. என் நெல்லில் எல்லோரும் மாறி முடித்த அன்றே கதை முடிந்தது. ஒரே மாதிரிப் பரவல், ஆனால் இரண்டு வியாபாரிகளுக்கு இரண்டு விதி. ஆகவே ‘எந்தக் கட்டம்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘வாங்கியவர் மறுபடி வாங்க வேண்டிய பொருளா’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கியவர் மறுபடி வாங்காத பொருளுக்கு எங்கள் பக்கத்தில் நல்ல உதாரணம் அறுவடை மெஷின். ஈர வயலில் இறங்கும் பெல்ட் வண்டியை ஊரில் முதலில் வாங்கியவர், தை, மாசியில் தூங்க நேரமில்லாமல் ஓட்டினார். மணிக்கணக்கு வாடகைக்கு அவர் சொன்னதே விலை. அதைப் பார்த்து நாலு பேர் கடன் வாங்கி இறக்கினார்கள். வெளி மாவட்டத்து வண்டிகளும் வரிசையாக வந்து நின்றன. வாடகை இறங்கியது, தவணை மட்டும் இறங்கவில்லை. ஐந்தாவதாக வாங்கியவர் வண்டியை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். முதலாமவர் ஓட்டியதும் ஐந்தாமவர் ஓட்டியதும் ஒரே மெஷின்தான்.

முதிர்ச்சி என்றால் வியாபாரம் கிழடுதட்டிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காசு அங்கேதான் அமைதியாக வரும். சி.ஆர். 1009 என்ற பொன்மணி 1982இல் வெளியான ரகம். 155, 160 நாள் பயிர், தடித்த அரிசி, இட்லிக்கு உகந்தது. தண்ணீர் தேங்கும் தாழ்வான நிலக்காரர்கள் அதைவிட்டு நகரவே மாட்டார்கள். நாற்பது வருடம் கழித்தும் அந்தப் பெயர் கடையில் ஓடுகிறது என்றால் ஒரு காரணம், அதன் உள்ளே ஒரு மாற்றம் வந்ததுதான்: வெள்ளத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கவைக்கும் ‘சப் 1’ என்ற மரபணுவை, ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்ததை, ஒட்டுச்சேர்க்கை மூலம் அதில் ஏற்றினார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்று மூழ்கிப் பறிகொடுத்தவருக்கு, வீட்டில் பழைய விதை இருந்தும் கடைக்கு வர ஒரு காரணம் கிடைத்தது. 1965இல் தியோடர் லெவிட் என்ற பேராசிரியர் இந்தக் கட்டங்களைப் பற்றி எழுதியபோது இதைத்தான் வலியுறுத்தினார்: விற்பனை மட்டுப்படும் முன்பே, பொருளுக்கு அடுத்த உபயோகம் என்ன, அடுத்த மாற்றம் என்ன என்று திட்டமிட்டு வைத்திருக்க வேண்டும். அவர் காட்டியது நைலானை. பாராசூட்டுக்கும் கயிற்றுக்கும் என்று இருந்தது, பிறகு காலுறைக்குப் போனது, டயருக்குப் போனது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி வருவதில் எனக்குச் சந்தேகம் உண்டு, படித்தவர்களுக்கும் உண்டு. கட்டங்கள் நான்கு என்பது பின்னால் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெளிவு. நடந்துகொண்டிருக்கும்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. 1976இல் தல்லா, யுஸ்பே என்ற இருவர் இந்தக் கோட்பாட்டையே மறந்துவிடுங்கள் என்கிற அளவுக்குக் கடுமையாக எழுதினார்கள். விற்பனை கொஞ்சம் தொய்ந்ததும் ‘சரிவுக் கட்டம் வந்துவிட்டது’ என்று கம்பெனிகள் விளம்பரத்தை நிறுத்துகின்றன, நிறுத்தியதாலேயே பொருள் சாகிறது என்பது அவர்கள் வாதம். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்திலேயே அந்த வளைகோட்டைத் திருப்பிப் போட்ட பொருள்களைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் விற்கும் மாப்பிள்ளைச் சம்பாவே ஒன்று. குட்டை ரகங்கள் வந்ததும் ஆளுயரம் வளர்ந்து சாயும் நெல் யாருக்கு வேண்டும் என்று ஒதுக்கப்பட்டது. கோட்டின்படி அது முடிந்துபோன பொருள். பிறகு நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருடம் 4 கிலோவாகத் திரும்ப வாங்கி, 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். 2018இல் அவர் மறைந்தபோது, அந்த நெல் நகரத்துக் கடைகளில் பாக்கெட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. கும்பகோணத்துப் பித்தளையும் இப்படித்தான். எவர்சில்வர் வந்ததும் ஈயம் பூச ஆள் தேட வேண்டிய பாத்திரத்தை வீடுகள் பரணில் ஏற்றின, ஈயம் பூசுகிறவர்களும் தெருவில் வராமல் போனார்கள். இன்று தஞ்சாவூர்ச் சாலையில் டிகிரி காபிக் கடைதோறும் பித்தளை டபராதான் வாசலில் அடுக்கியிருக்கிறது. சமையலறையில் தோற்ற பொருள் சாலையோரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டது. பழைய அளவில் இனி விற்காது என்பதும் உண்மை.

கோட்டுக்கு வெளியே இருந்து வரும் அடியும் உண்டு. மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும் என்று நம்பிக் குறுவை விதையை வாங்கிவைப்பது எங்கள் தொழில். 2012இல் செப்டம்பர் 17இல்தான் திறந்தார்கள். 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களை நம்பித்தான் அந்த வருடங்களில் குறுவை விதை விற்றேன். வெளியே இருந்து என் விற்பனை எண்களைப் பார்ப்பவர் ஆடுதுறை 43 என்ற குறுவை ரகத்துக்குச் சரிவுக் கட்டம் என்று எழுதியிருப்பார். 2020இல் ஜூன் 12 அன்றே திறந்தார்கள். எனக்கு மூட்டை போதவில்லை.

இனி உங்கள் மாவு. நல்ல செய்தி, கஞ்சி மாவு தீர்ந்துபோகும் பொருள். பிடித்தவர் மாதாமாதம் வாங்குவார், மச்சான் வீட்டில் முளைக்கவைத்து எடுத்துக்கொள்ள முடியாது. கெட்ட செய்தி, அதை யார் வேண்டுமானாலும் வறுத்து அரைக்கலாம். ஆகவே இரட்டித்த விற்பனை எதனால் இரட்டித்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு முன்பு முதன்முறை வாங்கியவர்களில் எத்தனை பேர் போன மாதமும் வாங்கினார்கள்? போன் நம்பர் இருக்கும், அம்மாவை விட்டே பேசச் சொல்லுங்கள், உண்மை வரும். பத்துக்கு நான்கு பேர் தொடர்ந்தால் நான் தைரியமாக இருப்பேன், இரண்டுக்குக் கீழே என்றால் மெஷினைப் பற்றிப் பேசவே மாட்டேன். இந்த எண்ணிக்கை என் கைக்கணக்குதான், எந்த ஆய்விலும் வந்ததில்லை. அடுத்து, கடைகளுக்குக் கொடுத்ததை விற்பனை என்று எழுதியிருக்கிறீர்களா? புதிதாக 30 கடையில் 20 பாக்கெட் வீதம் வைத்தால் 600 பாக்கெட் கணக்கில் ஏறிவிடும். அதில் எத்தனை அலமாரியிலேயே இருக்கிறது என்பது வேறு கணக்கு. மூன்றாவது, மழைக்காலமும் மார்கழிக் குளிரும் கஞ்சிக்கு நல்ல மாதங்கள். ஐப்பசியை அதற்கு முந்தைய சித்திரையோடு ஒப்பிட்டால் எந்த மாவும் வளரும். போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். உங்களிடம் அப்படி ஒப்பிட ஆறு மாதம்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

3 லட்சத்தைப் பற்றிச் சொல்வதென்றால், திரும்பி வரும் பணம், வராத பணம் என்று பிரிப்பேன். பெயரும் விலையும் அச்சடித்த பைச்சுருளை ஆயிரக்கணக்கில்தான் எடுக்கச் சொல்வார்கள். எடை மாற்றினாலோ விலை மாற்றினாலோ அது குப்பைக்குத்தான் போகும். வெறும் பையில் ஒட்டுத்தாள் ஒட்டி இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள், அழகு குறைந்தாலும் பரவாயில்லை. அரவை மெஷினைப் பாதி விலைக்காவது விற்கலாம், அதுவரை ஊர் மாவு மில்லில் கூலிக்கு அரைக்கலாம். முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நெல்லை அப்படித் தள்ளிப்போட முடியாது. மாப்பிள்ளைச் சம்பா 160 நாள் வாக்கில் எடுக்கும் பயிர், வருடத்தில் ஒரு போகம்தான். தை, மாசியில் களத்தில் வாங்கத் தவறினால் அப்புறம் இடைத்தரகர் சொல்வதுதான் விலை. மாவு விற்காவிட்டாலும் நெல்லை அரிசியாக்கி விற்கலாம், பழைய அரிசிக்கு மவுசும் உண்டு. அதனால் பணத்தை இறக்கியே ஆக வேண்டுமென்றால் நெல்லில் இறக்குங்கள், அதுவும் முழுவதையும் வேண்டாம். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அந்துப்பூச்சி உங்களுக்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு, வரி ஆகியவற்றுக்கு என் பேச்சை நம்பாமல் கணக்குப் பார்ப்பவர் ஒருவரிடம் கேளுங்கள். நான் சொன்ன அந்த மூன்று கணக்கையும் போட்டுவிட்டு எண்களை இங்கேயே எழுதுங்கள் தம்பி. தை அறுவடைக்குள் எழுதினால் எத்தனை மூட்டை வாங்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.